எல்லைக்கு இந்தப் பக்கம்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் திருத்தணியின் பெயர் தினமும் செய்தியில் வரும். மாநிலத்திலேயே இங்கேதான் வெயில் அதிகம் என்று வாசிக்கும்போது கடைத்தெருவில் சிலர் என்னவோ பரிசு வாங்கியதுபோலச் சிரித்துக்கொள்வார்கள். சுஜாதா மட்டும் எழுந்துபோய் டிவியை அணைத்துவிடுவாள்.

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே பிரியும் மண் சாலையில், முன்பு வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த மேட்டு நிலத்தில், அவர்களுடைய கறிக்கோழிக் கொட்டகை இருந்தது. குஞ்சும் தீனியும் கோழிக் கம்பெனி இறக்கிவிடும். வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது இவர்கள் வேலை. இவர்கள் என்பது பேருக்குத்தான். கணவன் சந்திரமோகன் காலை ரயிலுக்கு ஓடி அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வருபவன். கொட்டகை முழுக்க சுஜாதாவின் கையில். போன வருஷம் இதே வெயிலில், ஒரு மதியம் மின்விசிறிகள் நின்றதைக் கவனிக்காமல் அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது பாதிக் கொட்டகை படுத்துவிட்டது. அதற்குப் பிறகு வெகுநாள் கம்பெனி குஞ்சு இறக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி மறுபடி வாங்கியபோது சூப்பர்வைசர் ஒன்றே ஒன்று சொன்னார்: "இன்னொரு வாட்டி இது மாதிரி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கொட்டகைய வேற எதுக்காவது வச்சுக்கங்க."

இப்போது உள்ளே இருந்தவை முழு எடைக்கு வந்துவிட்ட கோழிகள். நாளை மறுநாள் லாரி வரும். வெயிலில் சாவது எப்போதும் இந்தப் பருவத்துக் கோழிதான். உடம்பு பெருத்துவிடும், சூட்டை வெளியே தள்ளத் தெரியாது, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிடும்.

அன்று விடியும் முன்பே சுஜாதா கொட்டகைக்குள் இருந்தாள். கதவோரம் ஆணியில் தொங்கும் பழைய நீலச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். தினமும் அதே சட்டைதான். புது நிறத்தைக் கண்டால் கோழிகள் மிரண்டு ஒரு மூலையில் ஏறிக் குவிந்து ஒன்றை ஒன்று நசுக்கிக்கொள்ளும். தீனித் தட்டுகளைக் கயிற்றில் உயரத் தூக்கிக் கட்டினாள். வயிறு காலியாக இருந்தால்தான் மதியத்தைத் தாங்கும். தண்ணீரில் வெல்லம் கரைத்து ஊற்றினாள். மேற்குப் பக்கம் கோணிகளை நனைத்துத் தொங்கவிட்டாள். "ப்பா... ப்பா... ப்பா..." என்று மெல்லச் சொல்லியபடி நடுவில் நடந்தபோது வெள்ளையாக வழி விலகி, பின்னால் மறுபடி மூடிக்கொண்டது. சில கோழிகள் அந்த நேரத்துக்கே இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. அது நல்ல அறிகுறி இல்லை.

"நான் வரலீங்க. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க," என்றாள் வீட்டுக்குள் வந்ததும்.

சந்திரமோகன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "உன் தம்பி பொண்டாட்டிக்கு சீமந்தம். நாத்தனா நீதான் மொத வளையல் போடணும். நான் போய் போடவா?"

"பரசுராமனையாவது இருக்கச் சொல்லியிருக்கலாம்." அவ்வப்போது கொட்டகைக்குக் கூலிக்கு வருபவன் பரசுராமன்.

"அவன் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போய்கீறான். இன்னாத்துக்கு ஆளு? போனு கீது இல்ல?"

நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பார்க்கும்படி போனை நீட்டித் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினான். கொட்டகைப் பக்கம் மின்விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. மறுபடி அழுத்தினான்; கிளம்பியது. இன்னொன்றை அழுத்தினால் கூரையடியிலிருந்து பனிமாதிரி தண்ணீர் தெளிக்கும் ஃபாகர். மதியத்தில் வோல்டேஜ் இறங்கினால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்து மின்விசிறிகள் நின்றுவிடும். அதைப் போனிலிருந்தே தூக்கிவிடலாம். கொட்டகையின் இரண்டு முனையிலும் கேமரா. திருத்தணியில் கடை வைத்திருக்கும் சுதாகர் என்ற பையன், போன வருஷச் சாவுக்குப் பிறகு வந்து மாட்டிக் கொடுத்தது.

"இது பழைய கேபிள்ல ஓடிச்சு. புதுப் பெட்டியில ஓடுதா?"

"இப்பதானே காட்டுனேன்! கேட்டாண்டகூட போய் நின்னு பாத்தேன், நேத்து. ஜம்முனு ஓடுது."

கேபிள் கனெக்‌ஷன் போய்விட்டிருந்தது. திருப்பதி சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன் மண்ணோடு சேர்த்துக் கேபிளையும் வாரிக்கொண்டு போனது. கேபிள்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். சந்திரமோகன் பொறுக்காமல் சிம் போட்ட வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து ஜன்னலில் வைத்தான். டவரிலிருந்து நேராக இழுத்துக்கொள்ளும். கம்பி கிடையாது, தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை. டிவி முன்பைவிட நன்றாக ஓடியது.

சுஜாதா வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கல்பனாவின் வீட்டுப் புகைக்கூண்டில் புகை தெரிந்தது. கல்பனா, சந்திரமோகனின் அண்ணன் சுந்தரமூர்த்தியின் மனைவி. பேச்சுவார்த்தை இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கொட்டகை போட்டதிலிருந்து ஈ. சோறு போட்டு வைத்தால் கறுப்பாக மொய்க்கும். கல்பனா முதலில் சொல்லிப் பார்த்தாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு சுஜாதா நாலு பேர் முன்னால் என்னென்னவோ பேசிவிட்டாள். அதோடு போயிற்று. ஆண்கள் இருவரும் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள், பெண்கள் இல்லை.

கொட்டகையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

திருத்தணி தாண்டியதும் காற்று சுட்டது. மலைமேல் கோபுரம் புழுதியில் மங்கித் தெரிந்தது. நகரி வந்தபோது இருவர் போனும் ஒன்றன்பின் ஒன்றாக முனகின; ஆந்திராவுக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி. மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் எதிரே வந்துகொண்டே இருந்தன. நசுங்கிய பழத்தின் புளித்த வாடை சாலை முழுக்க.

புத்தூரில் தம்பி அசோக்குமார் வாசலிலேயே நின்றிருந்தான். "இன்னாக்கா, இவ்ளோ லேட்டு! அனிதா உனக்காகத்தான் உக்காந்துகினு கீறா."

பந்தலுக்குள் வெக்கை. அனிதா நிறைமாத வயிற்றோடு மணையில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். "வதினா," என்று நாத்தனாரைத் தெலுங்கில் கூப்பிட்டாள். "சீக்கிரம் போடுங்க. வேர்வையில வளையலு தானா எறங்கிடும்போல," என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். சுஜாதாவும் சிரித்தாள். பிறகு பார்வை பந்தல் வாசலில் நின்ற சந்திரமோகன் பக்கம் போனது. அவன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

வளையலைப் போட்டாள். சந்தனம் தடவினாள். அடுத்தவள் உட்கார்ந்ததும் எழுந்து அவனிடம் வந்தாள்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. சுத்திகினே கீது."

திரையில் ஒரு வட்டம் நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது. கேமரா வரவேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

"எவ்ளோ நேரமா?"

"வந்ததுல இருந்துதான்."

"ஏன் சொல்லல?"

"நீ வளையல் போட்டுகினு இருந்தே. சொன்னா ஓடிடுவே." அவன் குரலைத் தாழ்த்தினான். "பயப்படாத. இங்க ஆந்திரா டவரு. அதான் எடுக்கல. நம்ம பெட்டியில போட்டுகீறது தமிழ்நாட்டு சிம்மு. ரெண்டுக்கும் ஒத்துக்கல."

அசோக்குமாரும் வந்து பார்த்தான். அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. "ஆமா மாமா. எங்க மாமியாருக்கு இங்க இருந்து போன் போட்டா திருத்தணியில பாதி நேரம் கெடைக்காது. ஏகாம்பரகுப்பத்தாண்ட போனா கிளியரா எடுக்கும்."

எல்லையோரம் வாழ்கிறவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. ரேஷன் அந்தப் பக்கம் செல்லாது, பஸ் பாஸ் செல்லாது, நெல் மூட்டை ஏற்றினால் நிறுத்துவார்கள். போன் மட்டும் என்ன, அதற்கும் ஒரு கோடு இருக்கும்.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பந்தல் துணி வழியாக வெயில் கொப்பளித்தது. "போலாங்க," என்றாள் சுஜாதா.

"சாப்புட்டுட்டு..."

"எல்லையத் தாண்டிப் போய் ஒரு அமுக்கு அமுக்கிட்டு வந்து சாப்புடலாம்."

அனிதாவின் அம்மா புளிசாதமும் மாங்காய்ப் பச்சடியும் கட்டிக் கையில் திணித்தாள். சுஜாதா வண்டி வரைக்கும் கொண்டுவந்து, அதை மரத்தடியில் வைத்துவிட்டு ஏறினாள். எடுக்க மறந்துவிட்டாள்.

வந்த வழியே பறந்தார்கள். வழியில் ஒரு முறைகூட அவன் நிறுத்தவில்லை. நகரி ஊருக்குள் மாங்காய் லாரி ஒன்று குறுக்கே திரும்பி நின்றபோது வண்டியிலிருந்தபடியே கத்தினான். சுஜாதா பின்னால் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆந்திர எல்லை முடிந்து, தமிழில் எழுதிய பலகை வந்தது. கொஞ்சம் தள்ளி, எலுமிச்சை சோடா விற்கும் தள்ளுவண்டியின் நிழலில் நிறுத்தினார்கள்.

"மாறிச்சா?"

"மாறிச்சு. நம்ம டவர்தான்."

அழுத்தினாள். வட்டம் சுழன்றது. அவன் வாங்கி அழுத்தினான். போனை அணைத்துப் போட்டான். மறுபடி அழுத்தினான். வட்டம்.

"நம்ம பக்கம் வந்துட்டோமே," என்றான், சோடாக்காரரைப் பார்த்து, அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதைப்போல.

சுஜாதா சுதாகருக்குப் போன் செய்தாள். அவன் அரக்கோணத்தில் ஒரு வீட்டு மாடியில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, புதுசா சிம் பெட்டியா மாத்துனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே."

"அதுல இன்னா கீது, சுதாகர்? வூட்ல ஓடிச்சே."

"வூட்ல ஓடும்க்கா. வைஃபையில இருந்தா போனும் கொட்டகைப் பெட்டியும் நேரா பேசிக்கும். வெளிய இருந்து வராது. பழைய கேபிள்ல உங்க வூட்டுக்குன்னு தனியா ஒரு நம்பர் வாங்கிக் குடுத்தேன் இல்ல? அத்த வச்சுதான் எங்க இருந்தாலும் உங்க பெட்டிய புடிச்சீங்க. சிம் பெட்டிக்கு அந்த மாதிரி தனி நம்பர் கெடையாது. டவருக்கு அடியில கீற அத்தனை வூட்டுக்கும் சேத்து ஒரே நம்பரு. வெளிய இருந்து வந்து தட்டுனா எந்த வூட்டுக் கதவுன்னு அதுக்குத் தெரியாது. தொறக்காது."

"அவுரு கேட்டாண்ட போய் பாத்தேன்னாரு."

"கேட்டு வரைக்கும் உங்க வைஃபையே வருதுக்கா."

சந்திரமோகன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தான்.

"இப்ப இன்னா பண்றது?"

"உள்ள இருந்து வெளிய போறதெல்லாம் போகும்க்கா. வெளிய இருந்து உள்ள வர்றதுதான் வராது. யாராவது கொட்டகைக்குப் போய் கையில சுவிச்சு போட்டாதான் உண்டு. நான் வண்டி எடுத்தாலும் ஒரு மணி நேரமாவும்."

இவர்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும், இந்த வண்டியில், இந்த வெயிலில். சந்திரமோகன் அண்ணனுக்குப் போன் செய்தான். சுந்தரமூர்த்தி எடுத்தார், பின்னால் லாரி சத்தம். "நான் சித்தூர்ல கீறேன்டா, மாங்கா லோடு. உங்கண்ணி வூட்லதான் கீறா. அவளுக்குப் பேசு."

போனை வைத்துவிட்டு சுஜாதாவைப் பார்த்தான்.

"நீ பேசு."

"நீங்க பேசுங்க. உங்கண்ணி."

"நான் பேசுனா நல்லா இருக்காது. சண்டை போட்டது நீதானே."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். சண்டைக்குப் போகும்போது அவளுக்குப் பின்னால் நின்று, "விடாத, கேளு" என்று சொன்னவன் அவன். அதைச் சொல்ல இது நேரமில்லை. கல்பனாவின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

ஒரு ரிங்கிலேயே எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்க்கா. சுஜாதா."

அந்தப் பக்கம் கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எந்த சுஜாதா?"

"அக்கா, கோழி..."

"கோழியா? உங்கூட்டுக் கோழிய பத்தி நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன? பஞ்சாயத்துல, நாலு பேரு எதிர்ல."

"சொன்னேன். இப்ப நான் எல்லையாண்ட ரோட்ல நின்னுகினு கீறேன்க்கா. ஃபேன் ஓடுதா நின்னுதான்னு தெரில. கொஞ்சம் போய்..."

"தெரிலயா? அது நின்னு எவ்ளோ நேரமாவுது!"

சுஜாதா தள்ளுவண்டியின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உன் கால்ல வுழறேன். போய் சுவிச்சு போடு."

"கால்ல வுழ நீ இங்கயா கீற? ...சாவி எங்க?"

"எங்கிட்ட கீது."

"இன்னொரு சாவி இருக்குமில்ல?"

சந்திரமோகன் பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். சுஜாதா கண்ணை மூடிக்கொண்டாள். "அதுவும் இங்கதான்."

"ரெண்டு சாவியுமா சீமந்தத்துக்குப் போச்சு? நல்லா கீது. அதுக்கும் வளையல் போட்டாங்களா?"

"ஒடச்சிடுக்கா. பூட்ட ஒடச்சிடு."

"அப்புறம் பூட்ட ஒடச்சு உள்ள பூந்தான்னு என்மேல எழுதிக் குடுப்ப."

"குடுக்க மாட்டேன்க்கா."

அடுப்பை அணைக்கிற சத்தம். பிறகு செருப்புச் சத்தம், நாய் குரைப்பு, வேலிக் கம்பி அதிர்கிற ஓசை. கல்பனா ஏதோ திட்டிக்கொண்டே நடந்தாள். அது நாயையா தன்னையா என்று சுஜாதாவுக்குத் தெரியவில்லை. கடப்பாரை இரும்பில் படும் ஓசை. ஒரு முறை. இன்னொரு முறை. தகரக் கதவு அடித்துக்கொண்டு திறந்தது.

"ஐயோ," என்றாள் கல்பனா.

"இன்னாக்கா? இன்னா தெரியுது?"

"எல்லாம் வாயத் தொறந்துகினு படுத்துகீதே, சுஜாதா. அடுப்பு மாதிரி கீது உள்ள."

"செத்துதா?"

"இன்னா தெரியும் எனக்கு? செத்ததும் அப்படித்தான் கீது, சாகாததும் அப்படித்தான் கீது."

"உள்ள போகாத, இரு. இன்னா கலர் பொடவ கட்டிகினு கீற?"

"இப்ப இதாடி முக்கியம்?"

"மெரண்டு மூலையில குமிஞ்சிடும்க்கா. செவப்பா?"

கொஞ்சம் தயங்கி, "செவப்புதான்," என்றாள்.

"கதவோரம் ஆணியில என் சட்டை தொங்கும். நீலம். அத்த மேல மாட்டிக்கோ."

துணி உரசுகிற ஓசை. "இது சட்டையா, சாக்கா? ஒரே நாத்தம்."

"வலது பக்கம் சாம்பக் கலர்ல ஒரு பெட்டி. ரெண்டு பச்சைப் பட்டன். மேல கீறத அமுக்கு."

டக் என்று கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு முனகலாகத் தொடங்கி, இரைச்சலாக எழுந்து, போன் முழுக்க நிரம்பியது. சுஜாதா காதை இன்னும் அழுத்திக்கொண்டாள். மின்விசிறிகள்.

"கீழ் பட்டனு?"

"அதுதான் தண்ணி. அமுக்கு. ...அக்கா, போன ஸ்பீக்கர்ல போட்டு உள்ள காட்டு. என் சத்தம் கேட்டா எழுந்திருக்கும். உக்காந்தே இருந்தா செத்துடும், எழுந்து நகரணும்."

"போட்டுட்டேன்."

சுஜாதா சாலையோரத்தில், பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக, போனை வாயருகே வைத்து, "ப்பா... ப்பா... ப்பா..." என்றாள். சோடா குடித்துக்கொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

"தலையத் தூக்குது," என்றாள் கல்பனா. குரல் மாறியிருந்தது. "ஏய், இங்க ஒண்ணு எழுந்துச்சு. இன்னும் கூப்புடு. ...சுஜாதா, மேல இருந்து தண்ணி வந்துச்சு, இப்ப நின்னுடுச்சு. தொட்டியில..."

லைன் அறுந்தது.

உடனே திருப்பி அடித்தாள். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தாள். அதேதான். "யாருகிட்ட பேசிகினு கீறா இந்த நேரத்துல?" என்றான் சந்திரமோகன். "வண்டிய எடுங்க," என்றாள் சுஜாதா. "அவளே அடிப்பா."

அவள் அடிக்கவில்லை. திருத்தணி ரயில்வே கேட் வரைக்கும் போன் ஒலிக்கவே இல்லை. சுஜாதா அதை இரண்டு கைகளாலும் பிடித்து, வெயிலில் திரை தெரியாமல் முந்தானையால் மூடி மூடிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஃபாகர் மோட்டார் ஓடினால் புகைந்துவிடும். போர்வெல் வால்வு கொட்டகைக்குப் பின்னால், தரையோடு, ஓடு போட்டு மூடியிருக்கும். சொல்லாமல் யாருக்கும் தெரியாது. தண்ணீர் நின்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டாளா? ஏன் அடிக்க மாட்டேன் என்கிறாள்?

கேட் மூடியிருந்தது. சென்னை ரயில் ஒன்று மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

பஞ்சாயத்து நடந்த அன்று வீட்டுக்கு வந்த கையோடு அவள் செய்த முதல் வேலை, கல்பனாவின் எண்ணை பிளாக் செய்தது. அதற்குப் பிறகு அவள் கல்பனாவைக் கூப்பிடவே இல்லை என்பதால் அது நினைவிலேயே இல்லாமல் போய்விட்டது. கூப்பிட்டால் இவளிடமிருந்து போகும். அங்கிருந்து வராது. கல்பனா இந்நேரம் வரைக்கும் அடித்துக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் இவள் அடித்தபோதெல்லாம் அந்த லைன் கிடைக்கவில்லை.

எங்கே போய் பிளாக்கை எடுப்பது என்று தெரியவில்லை. எதையெதையோ அழுத்தி, கடைசியில் அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தாள். அதில் ஒரே பெயர்தான். எடுத்துவிட்டாள். ரயிலின் கடைசிப் பெட்டி போய், கேட் கம்பம் ஏறிக்கொண்டிருக்கும்போது போன் ஒலித்தது.

"ஏன்டி, எத்தினி வாட்டி அடிக்கிறது! சாவுற நேரத்துல கட் பண்ணி வெளையாடுற?"

"அக்கா, கொட்டகைக்குப் பின்னால ஓடு போட்டு மூடிகீறேன் பாரு, அதுல வால்வு..."

"தண்ணி நின்னதும் மோட்டார ஆஃப் பண்ணிட்டேன். அது தெரியாதா எனக்கு? எங்கூட்டு ஓஸ் பைப்ப இழுத்து வுட்டு பீச்சிகினு கீறேன். எங்க போர்ல இருந்து. கையி வுட்டுப் போச்சு. எந்தப் பக்கம் சொன்ன, ஓடு?"

"வேப்ப மரத்துக்கு நேரா."

"வை. அடிக்கிறேன்."

அதற்குப் பிறகு அவள் மூன்று நான்கு முறை அடித்தாள். வால்வு திறந்தது. தொட்டி ஏறுகிறது. தண்ணீர் தெளிக்கிறது. மேற்கு மூலையில் இருப்பவை எழுந்திருக்கவில்லை. கூப்பிடு. சுஜாதா ஓடுகிற வண்டியில் இருந்து கூப்பிட்டாள். வெக்கைக் காற்று வாயை அடைத்தது.

மண் சாலை முடிந்து கேட்டுக்கு வந்ததும் சந்திரமோகனின் சட்டைப் பையில் போன் முனகியது. அவன் வண்டியை நிறுத்தாமலே எடுத்துப் பார்த்தான்.

"தெரியுது! சுஜாதா, தெரியுது! வந்துடுச்சு!" திரையை முகத்தருகே கொண்டுபோனான். "உள்ள யாரோ கீறாங்களே... உன் சட்டைய போட்டுகினு..."

சுஜாதா அதற்குள் இறங்கி ஓடிவிட்டாள்.

கொட்டகைக்குள் தண்ணீர்ப் பனி மூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. கல்பனா முழங்கால்வரை புடவையைத் தூக்கிச் செருகி, சட்டை உடம்போடு ஒட்ட, ஒரு கையால் ஓஸைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உட்கார்ந்த கோழியை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். "ப்பா... ப்பா..." என்று சுஜாதா சொல்வதுபோலவே சொல்ல முயன்றுகொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. திரும்பி சுஜாதாவைப் பார்த்தாள். "பட்டோட உள்ள வராத. மெரளும்," என்றாள்.

சுஜாதா பட்டுப் புடவையை வெளியே அவிழ்த்துப் போட்டு, கொடியில் கிடந்த நைட்டியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

மேற்கு மூலையில்தான் சாவு. குவிந்து கிடந்தவற்றைப் பிரித்தெடுத்தபோது அடியில் இருந்தவற்றில் சில இன்னும் இளைத்துக்கொண்டிருந்தன; அவற்றைத் தூக்கி மின்விசிறிக்கு நேராக வைத்தார்கள். கோணி கோணியாகத்தான் போயிற்று. ஆனால் கொட்டகை போகவில்லை. வெயில் சாய்ந்து, மலைப் பக்கத்திலிருந்து முதல் காற்று வந்தபோது சுஜாதா கயிறுகளை அவிழ்த்துத் தீனித் தட்டுகளை இறக்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று வந்து கொத்தியது. அடுத்து நாலைந்து. தட்டுகளில் கொத்தும் சத்தம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பரவியது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சந்திரமோகன் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, "கொஞ்சம்தான் சார், நீங்க வந்து பாருங்க" என்று சொல்வது வெளியே கேட்டது. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனான், கல்பனாவின் வேலியிலிருந்து எட்டப் போய்.

கல்பனா நீலச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து ஆணியில் மாட்டினாள். செத்தவற்றைக் கோணியில் போடக் குனிந்தாள். சுஜாதா கோணியின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"பதினோரு மணி இருக்கும்," என்றாள் கல்பனா, கோணிக்குள் பார்த்தபடி. "ஃபேன் சத்தம் நின்னுச்சு. அது ஓடும்போது காதை அறுக்குது, நின்னா உடனே தெரியுது. உனக்கு அடிச்சேன். போவல. சரி, பேச இஷ்டமில்லபோலன்னு வுட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. கதவாண்ட வரைக்கும் வந்தேன். பூட்டு தொங்கிச்சு. எங்கூட்டு மனுசன் இருந்தாலாவது கேட்டிருப்பேன். திரும்பிப் போய் கொழம்புக்கு வச்சேன்." கோழியைப் போட்டாள். "அப்பவே ஒடச்சிருந்தா இந்தக் கோணி மிச்சம்."

சுஜாதாவின் கைகள் நின்றன. வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

"அங்க ஆந்திரா டவருக்கா. நகரி தாண்டுனா எதுவும் வராது."

கல்பனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோணியின் வாயை முறுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"ஆங்," என்றாள். "அப்ப இந்த ரெண்டு வருசமா நீ ஆந்திராவுலதான் இருந்தியா?"

சுஜாதா குனிந்து கோணியின் மறுமுனையைப் பிடித்தாள். கல்பனா இந்த முனையைப் பிடித்தாள். ஈரத்தில் கனத்துப் போயிருந்தது. இருவருமாகத் தூக்கியபோதும் தரையில் இழுபட்டது.

"உசத்திப் புடி," என்றாள் கல்பனா. "கொட்டிடப் போவுது."